கடைசியில் வருபவர்

விழா மலரில் வெற்றி பெற்றோரைப் பற்றி எழுதுவதே மரபு. கேடயம் வென்ற அணியினர், மாகாண மட்டத்தில் முதலிடம் பெற்ற மாணாக்கர், பல்கலைக்கழகம் புகுந்தோரின் பெயர்ப் பட்டியல் ஆகியன இம்மலரின் ஏனைய பக்கங்களை அணி செய்யும். அம்மரபில் நமக்குக் குறையொன்றும் இல்லை. ஆயினும், மலர்க்குழுவினர் நம்மை அணுகி, விளையாட்டைப் பற்றித் தமிழாசிரியர் ஒருவர் எழுதினால் புதுமையாயிருக்கும் என்று கேட்டபோது, நம் நினைவில் எழுந்தவர் வென்றவர் எவரும் அல்லர். நெடுந்தூர ஓட்டங்களில் எல்லாருக்கும் பின்னே வந்து சேர்ந்தவர்களே வரிசையாக வந்து நின்றார்கள். அவர்களைப் பற்றி எழுதவே விரும்பினோம். ஓட்டத்திற்கும் நமக்கும் உள்ள உறவு, சுண்ணாம்புக் கோட்டருகே குடை பிடித்து நின்ற உறவேயன்றி வேறன்று என்பதை நம்மை அறிந்த பழைய மாணவர்கள் அறிவார்கள். அவர்கள் நகைப்பதற்கு முன் நாமே சொல்லி வைக்கின்றோம்.

திம்புள்ளைப் பகுதிப் பாடசாலைகளில் மரதன் ஓட்டம் முதலாந் தவணையிலே நடைபெறும். தை, மாசி மாதங்களின் வறண்ட குளிர்காற்றே நம் தேயிலைக்கு மணத்தைக் கொடுப்பது. அதே காற்றுத்தான் அதிகாலையில் ஓடப் புறப்படும் பிள்ளைகளின் உதடுகளை வெடிக்கச் செய்வதும். மலைநாட்டு வீதியின் இயல்பு நாம் அறிந்ததே. நேராக நூறு யார் தூரம் செல்லுவது அரிது. பள்ளத்தாக்கைச் சுற்றிச் சுற்றி வளைந்து, எதிர்மலையில் ஒரு கோடாகத் தெரிந்து, மறைந்து, மீண்டும் தோன்றும். ஆதலின் முடிவிடத்தில் நிற்பவருக்கு, ஓடி வருபவன் வந்து சேர்வதற்குக் கால்மணி நேரம் முன்னதாகவே எதிர்மலையில் தெரிந்துவிடுவான். முதலில் வருபவனுக்கு இஃது ஒரு பேறு. அவனைக் கண்டதும் எழும் ஆரவாரம் பள்ளத்தாக்கைக் கடந்து அவன் செவிக்கு எட்டும். கடைசியில் வருபவனுக்கோ இதைவிடப் பெரிய தண்டனை வேறில்லை. அவன் தள்ளாடுவதும், நின்று இடுப்பைப் பிடிப்பதும், கீழே நழுவும் காற்சட்டையைத் தூக்கி விடுவதும் ஒவ்வொரு வளைவிலும் ஊராருக்குத் தெரியும். லயன் வாசலில் நிற்பவர் காண்பர். மலையிற் கொழுந்து பறிப்பவர் கூடையோடு நிமிர்ந்து காண்பர். அவர்களுள் அவன் தாயும் இருப்பாள்.

நாம் பல ஆண்டுகளாகக் கண்டு தெளிந்த உண்மை ஒன்றுண்டு. ஓட்டத்தை இடையில் விடும் பிள்ளைகளுட் பெரும்பாலோர் கால் ஓய்ந்து விடுவதில்லை. கண்களுக்கு அஞ்சியே விடுகின்றார்கள். இரவல் வாங்கிய சப்பாத்து ஒன்று அவிழ்ந்துவிடும். அதனைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓட வெட்கம். மூக்கு ஒழுகும், துடைக்கக் கைக்குட்டை இராது. பெண் பிள்ளைகளுக்குத் தலைமயிர் கலைவதும், வியர்வையில் சட்டை உடலோடு ஒட்டுவதும் பெருங் கூச்சத்தைத் தரும். அவற்றைக் கண்டு வீதியோரத்து இளைஞர் சிலர் சொல்லும் சொற்களை ஈண்டு எழுதுதல் தகாது. உடலில் இன்னும் ஒரு மைல் ஓடும் வலு இருக்கும். முகத்தை வைத்துக்கொண்டு ஓட முடியாது.

நாம் முன்பு கற்பித்த ஒரு பாடசாலையில் நிகழ்ந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். அப்பிழையில் நமக்கும் பங்குண்டு. அவ்வாண்டு பெண்களுக்கான நெடுந்தூர ஓட்டத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் ஓடினர். முதல் மூவரும் வந்தாயிற்று. பின் ஒவ்வொருவராக ஏனையோரும் வந்தனர். அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகின்றது என்று கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினோம். பெயர் எழுதும் மேசையைத் தூக்கி உள்ளே வைத்தோம். அவ்வேளை எதிர்மலையில் இன்னும் ஒரு பிள்ளை ஓடி வருவதை யாரோ கண்டு, 'அந்தா பாருங்க, ஒண்ணு இன்னும் வருது' என்று கூவினார். கூடியிருந்தோர் சிரித்தனர். நாமும் சிறிது சிரித்தோம் என்பதை மறைப்பானேன்? அப்பிள்ளை கடைசி வளைவுவரை வந்தது. அதன்பின் காணவில்லை. சிறிது நேரம் பார்த்தோம், பின்னர் மறந்தோம். மறுநாள் அது பாடசாலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது கேட்டோம். வளைவிலே நின்று பார்த்ததாகவும், கயிறு இல்லையென்று கண்டதாகவும், தேயிலைச் செடிகளுக்கிடையே இறங்கிக் குறுக்குப் பாதையால் லயனுக்குப் போய்விட்டதாகவும் சொல்லிற்று. 'எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க, சேர்' என்பதே அது இறுதியாகச் சொன்னது. ஓடி முடிக்க அதற்கு இருநூறு யார் தூரமே எஞ்சியிருந்தது. பின்பு அப்பிள்ளை எந்த ஓட்டத்திற்கும் பெயர் கொடுக்கவில்லை.

இனி நம் நாட்டுச் சரிதம் ஒன்று. ஜப்பானின் தலைநகராகிய டோக்கியோவில் தேசிய விளையாட்டரங்கம் ஒன்றிருந்தது. 1958இல் அங்கு ஆசிய விளையாட்டு விழா நடைபெற்றபோது, யாழ்ப்பாணத்தவராகிய நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து, இலங்கைக்கு ஆசிய விழாவின் முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டித் தந்தார். இதனைத் தமிழ்ப் பாடசாலைகளில் அறியாதார் இலர். அறியத் தக்கதே. ஆனால் அதே அரங்கத்தில், ஆறு ஆண்டுகள் கழித்து, இலங்கையர் மற்றொருவர் செய்த செயலை நம் பிள்ளைகளுட் பலர் அறியார். அவர் பெயர் ரணதுங்க கருணானந்த.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாள், ஒலிம்பிக் விழாவின் 10,000 மீற்றர் ஓட்டம் நடைபெற்றது. அரங்கத்தை இருபத்தைந்து முறை சுற்றவேண்டும். அமெரிக்கராகிய பில்லி மில்ஸ், எவரும் எதிர்பாராத வகையில் இறுதிச் சுற்றின் கடைசி யார்களிற் பாய்ந்து முந்தி, 28 நிமிடம் 24.4 விநாடியில் வென்றார். ஒலிம்பிக் வரலாற்றிலே பெரிதும் பேசப்படும் வெற்றிகளுள் அஃது ஒன்று. தொடங்கியோருட் பலர் இடையில் விலகிவிட, இறுதிவரை ஓடியோர் 29 பேர். அவருள் 28 பேரும் முடித்தபின்பும் ஒருவர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தார். மார்பில் 67 என்னும் இலக்கம். முதலில் பார்வையாளர் அவரும் முடித்துவிட்டார் என்றே எண்ணினர். அவர் கோட்டைக் கடந்தும் நில்லாது ஓடுவதைக் கண்டபோது சிரிப்பெழுந்தது. ஏளனக் குரலும் எழுந்தது. மீண்டும் ஒரு சுற்று வந்தார். சிரிப்பு அடங்கிற்று. இவ்வளவு பெரிய அரங்கத்தில், தம்மொருவருக்காக மட்டும் வெறுமையாகக் கிடந்த ஓடுபாதையில், அம்மனிதர் தமக்குரிய சுற்றுகளை எண்ணி எண்ணி ஓடினார். கடைசிச் சுற்றில் அரங்கம் முழுவதும் எழுந்து கைதட்டிற்று. வென்றவருக்கு ஏறக்குறைய ஆறு நிமிடம் பின்னே, 34 நிமிடம் 21.2 விநாடியில் அவர் ஓட்டத்தை முடித்தார்.

ஜப்பானியர் அவரை மறக்கவில்லை. 67ஆம் இலக்கத்து ஓட்டக்காரரின் கதையைப் பள்ளிப் பிள்ளைகளின் பாடநூலில் சேர்த்தனர். கருணானந்த 1974இல், நாற்பது வயதும் நிறையா முன்னர், காலமானார். ஒரு நாட்டின் பாடநூலில் இடம்பெற்றவர் தம் சொந்த நாட்டின் பாடசாலை மைதானங்களில் எத்தனை முறை நினைக்கப்படுகின்றார் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நன்று. சிங்களவர் ஆதலின் நம் பிள்ளைகளுக்கு அவர் அயலார் ஆகிவிடார். எதிர்வீரசிங்கமும் கருணானந்தவும் அணிந்தது ஒரே நாட்டின் சட்டையை.

இவர் ஒருவரே இத்தகையவர் எனல் தகாது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1968இல், மெக்சிக்கோ நகரத்து ஒலிம்பிக்கில் தன்சானியா நாட்டவரான ஜோன் ஸ்டீவன் அக்வாரி மரதன் ஓடினார். அந்நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 2,240 மீற்றர் உயரத்தில் உள்ளது. நம் நுவரெலியாவிலும் உயர்ந்த இடம். காற்றின் மெலிவு கால்களைப் பிடித்திழுக்கும் விதத்தை, கொழும்பிலிருந்து வந்து ஹற்றன் மேட்டில் ஓடிப் பார்த்த எவரும் சொல்லுவர். அக்வாரி நெருக்கடியில் விழுந்தார், முழங்கால் அடிபட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு, ஓடியும் நடந்தும் நொண்டியும், இருட்டிய பின்னர் அரங்கம் புகுந்தார். முதல்வரான எதியோப்பியர் மாமோ வோல்டே முடித்து ஒரு மணி நேரத்திற்கு மேலாகிவிட்டது. 57 பேர் முடித்தனர், அவர் 57ஆவது. அவ்வோட்டத்தின் பரிசுகளை யார் பெற்றனர் என்று கேட்டால் விடை தேட வேண்டியவர் பலர், அக்வாரியின் கட்டுப்போட்ட காலை நினைவில் வைத்திருக்கின்றனர்.

1984இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் பெண்களுக்கென முதன்முதலாக ஒலிம்பிக் மரதன் நடைபெற்றது. சுவிற்சர்லாந்துக்காக ஓடிய கேப்ரியேலா அண்டர்சன் ஷீஸ் என்னும் 39 வயதுப் பெண்மணி, வெயிலில் நீர் வற்றி, உடல் ஒருபுறம் சாய்ந்து, ஒரு கை செயலற்றுத் தொங்க, அரங்கினுள் வந்தார். அவ்வொரு சுற்றை முடிக்க அவருக்கு ஐந்தே முக்கால் நிமிடம் வரை சென்றது. பார்த்தவர் பலர் கண்ணை மூடிக்கொண்டனர் என்பர். அழகாயில்லை, அழகாயிருக்க வேண்டிய கடமையும் அவருக்கில்லை. 37ஆம் இடம் பெற்றார். அவருக்குப் பின்னும் சிலர் வந்தனர் என்பதைப் பலர் அறியார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். 'தமிழாசிரியர் ஐயா பிள்ளைகளைச் செத்து விழும்வரை ஓடச் சொல்கின்றாரா?' என்று உடற்பயிற்சி ஆசிரியர் கேட்பார். நியாயமான கேள்வி. 1912இல் ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் மரதன் ஓடிய போர்த்துக்கல் நாட்டு இளைஞர் பிரான்சிஸ்கோ லாசரோ உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. லொஸ் ஏஞ்சலிஸிலும், மருத்துவர்கள் அப்பெண்மணியின் அருகே நடந்து, உடலில் இன்னும் வியர்வை வருகின்றது என்று கண்ட பின்னரே தொடர விட்டார்கள். மயக்கம், நெஞ்சுவலி, வாந்தி, வெயிலிலும் வியர்வை நின்றுபோதல் ஆகியன கண்டால் நிறுத்துவதே அறிவு. நிறுத்துவிப்பது ஆசிரியர் கடன். நாம் பேசுவது அதுவன்று. உடல் 'போதும்' என்னும்போது நிற்பவனை நாம் குறை கூறோம். வீதியோரம் 'போதும்' என்னும்போது நிற்பவனைப் பற்றியே நமது கவலை.

இவ்வெட்கத்தை நாமே ஊட்டி வளர்க்கின்றோம் என்பது நம் கருத்து. கீழ் வகுப்பிலே ஆமையும் முயலும் ஓடிய கதையைக் கற்பிக்கின்றோம். மெல்லச் செல்பவனை மதிக்கக் கற்பிப்பதாக எண்ணிக்கொள்கின்றோம். ஆனால் அக்கதையில் ஆமை வெல்லுகின்றது! முயல் உறங்காதிருந்தால் ஆமையின் கதி யாது? அவ்வாறு ஒரு கதையை எவரும் எழுதவில்லை. உலகத்து முயல்களோ பெரும்பாலும் உறங்குவதில்லை. மாம்பழக் கதையும் அவ்வாறே. அம்மையப்பரை வலம்வந்து கனியைப் பெற்ற பிள்ளையாரின் மதிநுட்பத்தை ஆண்டுதோறும் பட்டிமன்றத்திற் புகழ்கின்றோம். பந்தயம் உலகைச் சுற்றுவது. மயிலேறி, மலையும் கடலும் கடந்து, சொன்னபடி உலகை முழுதும் சுற்றி வந்தவன் முருகன் ஒருவனே. வந்து பார்த்தபோது கனியும் இல்லை, காத்திருந்தவரும் இல்லை. அவன் கோபித்துக்கொண்டு குன்றேறியதில் வியப்பென்ன? மலைநாட்டில் வாழும் நாம் குன்றுதோறும் அவனுக்குக் கோயில் எடுத்திருக்கின்றோம். நம் மைதானத்தில் அவனைப்போற் பிந்தி வருபவனுக்கு ஒரு கயிறு பிடிக்க மட்டும் நேரமில்லை.

இத்தனைக்கும் நம் மக்கள் இயல்பாகவே இரக்கமற்றவர் அல்லர். மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை ஹற்றன், மஸ்கெலியா வழியாகச் சிவனொளிபாதமலைக்குச் செல்லும் கூட்டத்தைப் பாருங்கள். 2,243 மீற்றர் உயர மலை, ஆயிரக்கணக்கான படிகள், இரவிலே கடுங்குளிர். எழுபது வயதுப் பாட்டிமார் சேலையை வரிந்து கட்டி, தடியூன்றி, பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கி ஏறுகின்றார்கள். அவர்களைப் பார்த்து எவர் சிரித்தார்? இறங்கி வருபவர் கைகொடுக்கின்றார். வழியில் உள்ளவர் தேநீர் கொடுக்கின்றார். 'இன்னும் கொஞ்சந்தான், ஆச்சி' என்று பொய்யும் சொல்லுகின்றார். யார் முந்தி ஏறினார் என்று மலையுச்சியில் எவரும் கேட்பதில்லை. கதிர்காமத்திற்குக் கால்நடையாகச் செல்வோரிடத்தும் இதுவே வழக்கம். அதே மனிதர், அதே மலைநாட்டு வீதியில், மார்பில் இலக்கம் குத்திய பிள்ளை ஒன்றைக் கண்டவுடன் சிரிக்கின்றனர். இலக்கத்தைக் கண்டதும் கண்ணே மாறிவிடுகின்றது.

காரணம் நம் தோட்ட வாழ்விலும் உண்டென ஐயுறுகின்றோம். கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்' போடுவது நம்மவர் தலைமுறை தலைமுறையாகக் கண்ட வழக்கம். மழையிலும் அட்டையிலும் நாள் முழுதும் மலையில் நின்றவள், நிறுவையில் சில கிலோ குறைந்தமையால் பாதி ஆள் ஆகின்றாள். அவள் நின்றது முழு நாள். பேர் மட்டும் அரை. அந்த நிறுவைத் தட்டின் கணக்கைப் பாடசாலைக்குள்ளும் கொண்டு வந்துவிட்டோமோ என்பது நமது அச்சம்.

ஓட்டத்தில் மட்டும் இது நின்றிருந்தால் இவ்வளவு எழுதியிரோம். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறிய பிள்ளை, மறுமுறை தோற்றினால் சித்தியடையும் என்று நாம் திண்ணமாக அறிந்திருக்கும்போதும், 'தம்பி தங்கைகளோடு போய் உட்கார வெட்கமாயிருக்கு' என்று சொல்லிக் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போய்விடுகின்றது. இவ்வாறு போனவர்களின் பெயர்கள் நம் வரவுப் பதிவேடுகளில் உள்ளன. இம்மலரின் பட்டியல்களில் இரா. நம் கதையும் இதுவே. ஆசிரியர் கலாசாலைக்கு நாம் சென்றது வயது முதிர்ந்த பின்னர். நம்மிலும் பத்து வயது இளையோர் பக்கத்தில் அமர்ந்திருந்தனர். முதல் ஆண்டில் ஒரு பாடம் தவறிற்று. பெறுபேறு ஒட்டிய பலகையை, எல்லாரும் பார்த்துச் சென்ற பின்பு, மாலையில் தனியே சென்று பார்த்தோம். அன்றிரவே பெட்டியைக் கட்டினோம். காலையில் முதல் வண்டி தவறிவிட்டது. அடுத்த வண்டி வருவதற்குள் பசித்தது. உணவுக்கு விடுதிக்குத் திரும்பியவர், அப்படியே வகுப்பிலும் போய் உட்கார்ந்தோம். பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் இன்று நம் வீட்டுச் சுவரில் தொங்குவதற்கு அன்று புகையிரதம் தவறியதும் ஒரு காரணம். அதில் வீரம் ஒன்றுமில்லை.

நம் கல்லூரிக்கு நாம் வேண்டுவன பெரியன அல்ல. மரதன் நாளில் கடைசிப் பிள்ளை வரும்வரை கயிறு கட்டப்பட்டே இருத்தல் வேண்டும். நேரக்கணிப்பாளர் கடிகாரத்தை நிறுத்தலாகாது. கடைசிப் பெயரும், அதன் நேரமும் பதிவேட்டில் எழுதப்படல் வேண்டும். அடுத்த நிகழ்ச்சி பிந்தினால் பிந்தட்டும். பிரதம விருந்தினர் பிந்தி வருவதற்கு நாம் காத்திருந்ததில்லையா? கடைசி ஓட்டக்காரரின் பின்னே ஆசிரியர் ஒருவர் துவிச்சக்கரவண்டியிலோ நடந்தோ தண்ணீரோடு வருதல் வேண்டும். வீதியோரத்து வாய்களை அடக்கப் பழைய மாணவர்கள் வளைவுக்கு ஒருவராக நின்றால் போதும். அதற்கு நிதி திரட்ட வேண்டியதில்லை. முடித்தோர் அனைவர்க்கும் ஒரே அளவான சான்றிதழ் கொடுக்கலாம். கேடயம் வென்றவனுக்கே இருக்கட்டும். ஓடும் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. கருணானந்த எப்படிப்பட்ட முகத்தோடு ஓடினார் என்று அன்று பார்த்தவர் எவரும் இன்று பேசுவதில்லை. ஓடினார் என்பதையே பேசுகின்றனர்.

சென்ற ஆண்டு இதனைச் சிறிது செய்து பார்த்தோம். ஆண்களின் ஓட்டத்தில் முதல்வன் வந்து வெகுநேரம் சென்றும் ஒரு சிறுவன் வரவேண்டியிருந்தது. மைதானத்தில் அஞ்சல் ஓட்டத்துக்கு ஆயத்தம். அதிபர் நம்மைப் பார்த்தார். நாம் எதிர்மலையைப் பார்த்தோம். பழைய மாணவர் இருவர் கயிற்றின் இரு நுனியையும் விடாது பிடித்து நின்றனர். எட்டாம் வகுப்புப் பிள்ளை; ஒரு காலில் சப்பாத்து, மற்றது கையில்; சட்டையின் முன்புறம் முழுதும் சேறு. வாயிலைக் கடந்து வந்தவன் கயிற்றைக் கண்டதும் திகைத்து நின்றுவிட்டான். தனக்காகப் பிடித்திருக்கின்றார்கள் என்பது அவனுக்கு விளங்கவில்லை. அடுத்த நிகழ்ச்சிக்குக் கட்டியதாக எண்ணினான் போலும். 'வா, வா' என்று எல்லாரும் கூவினோம். அவன் கயிற்றை ஒரு கையால் மெல்ல உயர்த்தி, குனிந்து, அதன் கீழாக நுழைந்து வந்தான். நேரக்கணிப்பாளர் கடிகாரத்தை அழுத்திவிட்டு, பேனாவை எடுத்து, 'தம்பி, பேர் என்ன?' என்று கேட்டார்.